தோட்டாவின் அடியில் நான்கு குறிகள்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் படம் காட்ட வழியில்லை. அதனால் ஒரு கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் வீரர்கள் மவுசர் துப்பாக்கியில் போட்ட 7.92 மில்லிமீட்டர் தோட்டாவின் அடிப்பாகம்தான் அந்தக் கடிகாரம். நடுவில் பிரைமர், அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி; சுற்றிலும் நான்கு குறிகள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆலையின் குறி. மூன்றில் உறையின், அதாவது வெடிமருந்தை அடைக்கும் குழாயின் உலோகம், ஆறில் தொகுதி எண், அதாவது ஒரே தடவையில் செய்தவற்றுக்கு இடும் எண், ஒன்பதில் ஆண்டு.

ஒன்றைப் படித்துப் பார்ப்போம். பி131, எஸ் நட்சத்திரம், 12, 38. பி131 என்றால் பெர்லின் போர்சிக்வால்டேயில் இருந்த டி.டபிள்யூ.எம். என்ற ஆயுத நிறுவனத்தின் ஆலை. எஸ் நட்சத்திரம், 72 சதவீதம் செம்பு கலந்த பித்தளை. 1938இன் பன்னிரண்டாம் தொகுதி.

சரி, எதன் தொகுதி? புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அந்த 12, வெறும் உறையின் தொகுதி. வெடிமருந்தும் குண்டும் ஏற்றி முடித்த தோட்டாவின் தொகுதியைத் தெரிந்துகொள்ள, 15 தோட்டா அடங்கிய அட்டைப்பெட்டியின் சீட்டைப் பார்க்க வேண்டும். தோட்டா, மருந்து, உறை, குண்டு, பிரைமர் என ஒவ்வொன்றும் எங்கே, எந்தத் தொகுதியில், எந்த ஆண்டில் ஆனது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். மருந்துத் துணுக்கின் அளவுகூட இருக்கும்: இரண்டுக்கு இரண்டு, கனம் 0.45 மில்லிமீட்டர். களத்தில் தோட்டா வெடிக்காமல் போனால், பழுது மருந்திலா பிரைமரிலா என்று தேடிப் பிடித்து, அந்தத் தொகுதியை மட்டும் ஒதுக்கலாம். பெட்டியைப் பிரிந்த ஒற்றைத் தோட்டாவிடம் இவ்வளவும் கேட்க முடியாது.

போர் நீள நீள, மூன்று மணி இடத்தில் எஸ்டி என்ற குறி பெருகியது. அது எஃகைக் குறிக்கும். செம்புக்கு அவ்வளவு தட்டுப்பாடு.

அப்புறம் ஆலைக் குறி. பி எண்ணே மறைபெயர்தான். 1940க்குப் பிறகு அதன் இடத்தில் சின்ன ஆங்கில எழுத்துகள் வந்தன, எந்த ஊரில் செய்தது என்று எதிரிக்குத் தெரியக் கூடாதென்று. ஏயுஎக்ஸ் என்றால் மாக்டபுர்க்கின் போல்டே ஆலை. கேஏஎம் என்றால் போலந்தின் ஸ்கார்ஜிஸ்கோ-கமியென்னாவில் ஹசாக் என்ற ஜெர்மன் நிறுவனம் எடுத்து நடத்திய ஆலை. அங்கே 1942 முதல் 1944 வரை யூதக் கைதிகளை அடைத்து வைத்து வேலை வாங்கினார்கள். பசியிலும் நோயிலும் துப்பாக்கிக் குண்டிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

கேஏஎம், எஸ்டி, 43 என்று பொறித்த உறையின் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. எஃகின் மேல் எழுத்துகள் இன்னும் மங்கவில்லை. என் குறிப்பேட்டில் அதற்கு நேராக ஆலை, உலோகம், ஆண்டு எழுதினேன். அதற்கடுத்து இன்னொரு வரியும் எழுதினேன்: செய்தவர்கள், கைதிகள்.