கை ஓங்காமல் அதிகாரத்தை நிலைநாட்டுவது

வணக்கம் நண்பர்களே. பிறரை வழிநடத்தும் பொறுப்பு நம்மிடம் வந்து சேரும்போது, அடிக்காமலும் மிரட்டாமலும் அவர்களை நம் சொல்லுக்குக் கட்டுப்பட வைக்க முடியுமா என்பதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். முடியும் என்பது என் உறுதியான கருத்து. இன்னும் ஒருபடி மேலே போய், கை ஓங்குகிற கணத்திலேயே அதிகாரம் நம்மை விட்டுப் போய்விடுகிறது என்றும் சொல்வேன். சிறுவர் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்த ஆண்டுகளில், ஒரு தவறைச் செய்த பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை எடுத்துக்கொள்வோம். அடிப்பதை நியாயப்படுத்த வேண்டும் என்றால் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது இதுதான். ஆனால் இது மாட்டுக்கே பொருந்தாது. கால்நடைகளின் நடத்தையை நெடுங்காலம் ஆராய்ந்த டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்க அறிவியலாளர், ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் ஓர் எல்லை இருப்பதை விளக்கியிருக்கிறார். அந்த எல்லைக்குள் மனிதர் ஓர் அடி எடுத்து வைத்தால் மாடு நகரும், அவர் பின்வாங்கினால் அது நின்றுவிடும். அதன் தோளுக்குப் பின்னாலிருந்து நெருங்கினால் முன்னோக்கிச் செல்லும், தோளைத் தாண்டி முன்னால் வந்தால் பின்னோக்கி நகரும். கம்பே இல்லாமல், எங்கே நிற்கிறோம் என்பதை வைத்தே ஒரு மந்தையைத் திருப்பிவிடலாம். அடித்தால் மாடு மிரளும், மிரண்ட மாட்டை நடத்துவதோ முன்பைவிடக் கடினம்.

இனி என் தவறுக்கு வருகிறேன். நடுவராக எனக்கு அது முதல் பருவம். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டம், இரண்டாம் பாதி. நான் பெனால்டி கொடுத்ததும், தடுப்பாட்டக்காரனான ஒரு சிறுவன் கத்திக்கொண்டே ஓடி வந்து என் முகத்துக்கு நேராக நின்றான். நான் அவன் மார்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். பலமாக இல்லை. அவனும் பின்வாங்கினான், நிலைமை என் கட்டுக்குள் வந்துவிட்டது என்று நம்பினேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு சாதாரண எல்லைக்கோட்டு எறிதலுக்குக்கூட ஆறேழு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு வாதாடினார்கள். எதிரணியினரைத் தள்ளிவிடுவதும் அதிகமானது. இந்த மைதானத்தில் பிரச்சினையைக் கையால் தீர்க்கலாம் என்று விதிகளைக் காக்க வேண்டிய நானே அவர்களுக்குக் காட்டிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும், ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூத்த நடுவர் ஒருவர் என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விசில் இருக்கும்போது அவனை ஏன் தொட்டீர்கள்?"

அடுத்து வந்த வாரங்களில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை மிக எளியவை. ஆட்டக்காரர் கோபத்தோடு வரும்போது இரண்டடி பின்னால் போக வேண்டும். அவர் நம்மை நெருங்குவதற்குள் அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே அழைக்க வேண்டும், ஏனென்றால் தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாராலும் எளிதில் இறங்கி வர முடியாது. குரலை உயர்த்தாமல் தாழ்த்திப் பேச வேண்டும், அப்போதுதான் எதிரில் நிற்பவர் காது கொடுப்பதற்காகவாவது தன் கத்தலை நிறுத்துவார். எச்சரிக்கவோ வெளியேற்றவோ அட்டையைக் காட்டுவதற்கு முன் குறிப்பேட்டில் நிதானமாக அவரது எண்ணை எழுத வேண்டும், எழுத ஆகும் அந்தச் சில நொடிகளில் இருவருக்குமே மூச்சு சீராகிவிடும். பிறகு அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டாமல், எல்லோரும் காணும்படி தலைக்கு மேலே உயர்த்த வேண்டும்.

அந்த அட்டை பிறந்த கதையும் நம் பேச்சோடு நெருங்கிய தொடர்புடையது. 1962 உலகக் கோப்பையில் சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டத்துக்கு நடுவராக இருந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கென் ஆஸ்டன். அவர் வெளியேற்றிய இத்தாலிய வீரர் ஒருவர் போக மறுத்ததால், காவலர்கள் வந்து அவரை வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அர்ஜென்டினா காலிறுதியில் அர்ஜென்டினாவின் கேப்டன் ராட்டின் வெளியேற்றப்பட்டபோதும் அவர் நெடுநேரம் போக மறுத்தார். நடுவர் ஜெர்மானியர், இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. அந்தத் தொடரில் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஆஸ்டன், அதன் பிறகு காரில் போகும்போது போக்குவரத்து விளக்கைப் பார்த்துத்தான் மஞ்சள், சிவப்பு அட்டைகளைப் பற்றிச் சிந்தித்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை நடைமுறைக்கு வந்தன. இதை வெறும் மொழிச் சிக்கலுக்கான தீர்வாக மட்டும் நான் பார்க்கவில்லை. அட்டை உயர்ந்ததும் அரங்கம் முழுவதும் அந்த முடிவுக்குச் சாட்சியாகிவிடுகிறது, எழுதி வைத்த விதியை ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் நடைமுறைப்படுத்துகிறார் என்பது அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. காவலர்களை அழைத்து ஒருவரை இழுத்துப் போகச் சொல்வதைவிட அதற்கு வலிமை அதிகம்.

ஆனால் அட்டை மட்டும் கையில் இருந்தால் போதாது. முதல் பத்து நிமிடத்தில் ஒரு தவறுக்கு விசில் ஊதிவிட்டு, எண்பதாவது நிமிடத்தில் அதே தவறைக் கண்டும் காணாமல் விட்டால், அதற்குப் பிறகு எத்தனை அட்டை காட்டினாலும் யாரும் மதிக்கமாட்டார்கள். மக்கள் ஏன் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்று சிகாகோ நகரத்தவரிடம் ஆராய்ந்த டாம் டைலர் என்ற உளவியலாளர், தண்டனை மீதான அச்சத்தைவிட, தங்களை நேர்மையான முறையில் நடத்துகிறார்கள் என்ற நம்பிக்கை பெரிய காரணமாக இருப்பதைக் கண்டார். தமக்குப் பாதகமான முடிவைக்கூட, தம் பேச்சைக் கேட்ட பிறகு எடுத்திருந்தால் மனிதர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். மைதானத்தில் இதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். வன்முறை இல்லை என்பதாலேயே ஓர் அதிகாரம் நல்லதாகிவிடாது. 1961இல் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைகளில், இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கத் தயங்கியவர்களிடம், ஆய்வக மேலங்கி அணிந்த ஒருவர் யாரையும் தொடாமலும் திட்டாமலும், "தயவுசெய்து தொடருங்கள்" என்பது போன்ற சில வாக்கியங்களை மட்டுமே சொன்னார். அதற்கே 40 பேரில் 26 பேர், அடுத்த அறையில் இருப்பவருக்கு 450 வோல்ட் அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டு கடைசி விசை வரை அழுத்தினார்கள். அந்த அதிர்ச்சி போலியானது என்றாலும் அவர்களின் கீழ்ப்படிதல் உண்மையானது. அமைதியான குரலுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்றால், "ஏன்?" என்று கேட்கும் இடத்தைப் பிறருக்கு விட்டு வைப்பது அதிகாரத்தில் இருப்பவரின் கடமையாகிறது. அதனால்தான் என் ஆட்டங்களில் கேப்டன் மட்டும் எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வந்து கேட்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு ஆட்டத்தில், ஆஃப்சைடில், அதாவது விதி அனுமதிக்காத இடத்தில், நின்ற ஒருவனை நான் கவனிக்கத் தவறியதால் ஒரு கோல் விழுந்தது. ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகுதான் அது என் மனதில் உறைத்தது, அதற்குமேல் விதிப்படி அந்த முடிவை மாற்ற முடியாது. பாதிக்கப்பட்ட அணியின் கேப்டன் மூச்சிரைக்க ஓடி வந்தான், அவனுக்குப் பின்னால் நான்கைந்து பேர். நான் இரண்டடி பின்னால் நகர்ந்து, அவனை மட்டும் அருகில் அழைத்து, "நான் பார்த்திருக்க வேண்டும், தவறவிட்டுவிட்டேன், ஆனால் இப்போது மாற்ற முடியாது" என்றேன். ஈடுகட்டுவதற்காகப் பிறகு எதையும் அவனுக்குச் சாதகமாகக் கொடுக்கமாட்டேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவன் என்னைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு திரும்பி, பின்னால் வந்துகொண்டிருந்தவர்களை நோக்கி இரு கைகளையும் விரித்து, "போங்க, போங்க, இடத்துக்குப் போங்க" என்று அவர்களைத் திருப்பி அனுப்பினான்.