மணிக்கொரு முறை தலை விழும் மாளிகை

வணக்கம். எக்காளச் சத்தம் கேட்கிறதா? கேமராவை மேலே திருப்புகிறேன். கோட்டை வடிவில் தொங்குகிறதே, அதுதான் ராயல் கடிகாரம். மணிக்கொரு முறை இங்கிலாந்து அரசர்களின் கதைகளைப் பொம்மைகளாகக் காட்டும். இதோ முதலாம் சார்லஸ்... கோடரி... போயிற்று! பக்கத்தில் ஒரு குழந்தை கைதட்டுகிறது. ராணியின் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் ஒரு ராஜாவின் தலை போகிறது, யாருக்கும் உறுத்துவதாகத் தெரியவில்லை.

சிட்னியின் ஜார்ஜ் தெருவில், குவீன் விக்டோரியா கட்டடத்தில் நிற்கிறேன். பழைய சந்தை இருந்த இடத்தில் ஜார்ஜ் மெக்ரே வடிவமைத்தது. 1898இல் திறந்தார்கள். நீளம் சுமார் 190 மீட்டர். இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் அந்தக் கோடியில் நிற்பவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. அன்று கடைகளோடு இசை அரங்கமும் இருந்தது. பிறகு அது நகர நூலகமாயிற்று.

ஆனால் மாநகராட்சிக்கு இது நெடுங்காலம் நஷ்டக் கணக்குதான். 1930களில் மின்சார அலுவலகத்துக்காக உள்ளே நிறையப் பெயர்த்தெடுத்தார்கள். 1959இல் மேயர் ஹாரி ஜென்சன், மொத்தத்தையும் இடித்துச் சதுக்கமாக்கலாம், அடியில் கார்களை நிறுத்தலாம் என்றார். நல்லவேளை, நடக்கவில்லை.

காப்பாற்றியது யார் தெரியுமா? மலேசிய நண்பர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: ஈப்போ கார்டன் என்ற உங்கள் ஊர் நிறுவனம். 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, பழுதுபார்த்து, 1986இல் மீண்டும் கடைவீதியாகத் திறந்தது. கார் நிறுத்துமிடமும் வந்தது, ஆனால் பக்கத்து யார்க் தெருவுக்கு அடியில்.

இந்த வளைவுகள், படிக்கட்டுகள், தரை ஓடுகள் எல்லாம் ராணி காலத்தவை என்று நம்பிவிடாதீர்கள். பலவும் அந்த 1980களில் புதிதாகச் செய்தவை. சிலர் இதைப் போலி என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பூட்டிக் கிடந்த உண்மையைவிடக் காபி மணக்கும் நகல் எனக்குப் போதும். கடைகளின் விலைப் பட்டியலைத்தான் மன்னிக்க முடியவில்லை!

வெளியே வாருங்கள். வாசலில் உட்கார்ந்திருக்கும் இந்த வெண்கல ராணி சிட்னிக்காரி இல்லை. டப்ளினில், அயர்லாந்து நாடாளுமன்றத்தின் முன்னால் இருந்தவள். 1948இல் அங்கிருந்து இறக்கிவிட்டார்கள். பல ஆண்டுகள் கண்ணில் படாமல் கிடந்து, 1987இல் இங்கே வந்து அமர்ந்தாள். முகத்தைக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள்: கன்னம் தொங்கி, உதடு இறுகி, யாரோ கடனைத் திருப்பித் தராததுபோல ஒரு பார்வை.

தூறல் விழுகிறது. சுரங்கப்பாதை வழியாக டவுன்ஹால் ரயில் நிலையத்துக்கு இறங்குகிறேன்.