ஜன்னல்ல கைய நீட்டுனவங்களுக்கு டிக்கெட் எங்கீங்க?

நடுவர் ஐயாவுக்கும், எதிர்ல உக்காந்திருக்கற அக்கா தம்பிகளுக்கும், ராத்திரிச் சோத்தக்கூட தள்ளி வெச்சுட்டு வந்து உக்காந்திருக்கற நம்ம அவினாசி சனங்களுக்கும் வணக்கமுங்க. நோம்பி நாள்ல பெரிய படம் வர்றப்ப கூட்டத்தப் பாத்து டிக்கெட் வெலைய ஏத்திக்கலாமா, இல்ல என்னைக்கும் ஒரே கட்டுன வெலைதானா, இதுதான் இன்னைக்கு தலைப்பு. நான் கட்டுன வெலைக்குப் பேச வந்திருக்கறேன், ஆனா அதோட நிறுத்திக்க மாட்டனுங்க, வெலையக் கட்டி காயிதத்துல எழுதிட்டா மட்டும் பத்தாது, அந்த வெலைக்கு அந்த டிக்கெட்டு ஜன்னல்ல கைய நீட்டுறவங்களுக்கு கிடைக்கோணும், அதயும் சேத்து கேக்கத்தான் வந்திருக்கறேன்.

எனக்கு முன்னாடி பேசுன எதிரணித் தம்பி என்ன சொன்னாரு? வரத்து கொறஞ்சா தக்காளி வெலை ஏறுதுல்ல, ரயில்ல தட்கல்னு கூட காசு வாங்கறாங்கல்ல, சினிமா டிக்கெட் மட்டும் என்ன சாமி பிரசாதமான்னு கேட்டாரு, கைதட்டுனீங்க நீங்களும். தம்பி, தக்காளியவே எடுத்துக்கலாம். உழவர் சந்தைக்குள்ள போனா மொதல்ல கண்ணுல படறது என்ன, வெலை எழுதிப் போட்ட போர்டு. ஏறுனாலும் எறங்குனாலும் அன்னைக்கு காலங்காத்தாலயே எழுதிருவாங்க, மொதலாளி வந்தாலும் ஒரே வெலை, கூலிக்காரி வந்தாலும் ஒரே வெலை. தட்கல் நீங்க சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு, அது எங்க கட்சிக்கு சாட்சி. கூட எவ்வளவுன்னு முன்னாடியே அறிவிச்சது, ஏசிக்கு காலைல 10 மணி மத்ததுக்கு 11 மணின்னு நாடு பூராவும் ஒரே நேரம், ஒரு டிக்கெட்ல நாலு பேருக்கு மேல போட முடியாது. எந்தத் தியேட்டர்லயாவது ஒரு ஆளுக்கு நாலு டிக்கெட்டுதான்னு நோம்பி அன்னைக்கு நடக்குதுங்களா? நடந்துச்சுன்னா நான் இந்த மேடைக்கே வந்திருக்க மாட்டேன்.

எங்கப்பா தாராபுரம் ரோட்டுல ஒரு தியேட்டர்ல இருபது வருஷத்துக்கு மேல புக்கிங்ல டிக்கெட் குடுத்தவருங்க. பேரு வேண்டாம், இப்ப அது கல்யாண மண்டபம். நாங்க சின்னப் புள்ளைகளா இருக்கறப்ப அவருக்கு சோத்துப் போசி கொண்டுபோனா அந்த ரூமுக்குள்ளயே உக்கார வெச்சுக்குவாரு. உள்ள இருந்து பாத்தா சனங்க மொகமே தெரியாதுங்க, கை மட்டுந்தான் தெரியும், சொவத்துல ஒரு ஓட்டை, ஒரு கை நுழையற அளவு, அதுல வளையல் போட்ட கை, சுண்ணாம்பு ஒட்டுன கை, மஞ்சக்காட்டுல இருந்து அப்படியே வந்த கை, எல்லாக் கையிலயும் காசு வேர்வைல நனைஞ்சிருக்கும். தரை ரோஸ் கலரு, பெஞ்சு பச்சை, சேரு மஞ்சள், மெல்லிசு காயிதம், ஒவ்வொண்ணுலயும் வரி ஆபீஸ் சீல் குத்தியிருக்கும். அப்பா எதையும் பாக்காம கைய மட்டும் பாத்து எத்தனைன்னு கேட்டுட்டு கிழிச்சுக் குடுப்பாரு. வந்தது பண்ணாடியா, பண்ணாடி காட்டுல ஆடு மேய்க்கறவரா, அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்ல. வெளிய இரும்புப் பைப்புக்குள்ள மூச்சு முட்ட நின்னு வந்தவனுக்கு டிக்கெட், அம்புட்டுத்தான். நாங் கேக்கற நியாயம் அந்த ஓட்டை அளவு நியாயந்தானுங்க, பெருசா ஒண்ணுமில்ல.

சட்டம் இல்லையான்னா இருக்குதுங்க. தமிழ்நாட்டுல 1955ல சினிமா ஒழுங்குமுறைச் சட்டம் போட்டாங்க, டிக்கெட் வெலைய கவர்மெண்டு உத்தரவு போட்டுத்தான் கூட்டவோ கொறைக்கவோ முடியும். 2017 அக்டோபர்ல போட்ட உத்தரவுல மல்டிபிளக்ஸ்ல உச்ச வெலை 150 ரூவா, வரி தனி. அன்னைக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம் 42 ரூவா, உள்ளாட்சி கேளிக்கை வரி 8 சதவீதம் 12 ரூவா, மொத்தம் 204. 2019 ஜனவரில ஜிஎஸ்டிய 18 ஆக்குனாங்க, அதே டிக்கெட் 189, 190னு எறங்குச்சு. இத எதுக்கு சொல்றேன்னா, அடி வெலையக் கட்டி வெச்சிருந்ததுனாலதான் வரி கொறைஞ்சப்ப அந்த பதினஞ்சு ரூவா நம்ம சட்டைப் பையில நின்னுச்சு. 2006ல தமிழ்ல பேரு வெச்சா படத்துக்கு வரியே இல்லைன்னு சொன்னாங்களே, அப்ப டிக்கெட் வெலை கொறைஞ்சதா எங்கூட்டுல யாருக்கும் ஞாபகமில்ல, இங்க உக்காந்திருக்கறவங்களுக்கு ஞாபகமிருந்தா கைய தூக்குங்க. இப்ப 2025 செப்டம்பர் 22ல இருந்து 100 ரூவா வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா ஆயிருச்சு, நூறத் தாண்டுனா 18. நூறு ரூவாதான் சாதாரண சனத்தோட டிக்கெட்டுன்னு சர்க்காரே கோடு போட்டு காட்டிருச்சு. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கறவன் மூணு மடங்குக்கு மேல குடுத்து படம் பாக்கறான்னா அந்தச் சலுகை யாருக்குங்க போவுது?

மூணு மடங்குக்கு மேலன்னு வாய்க்கு வந்தபடி சொல்லலைங்க, கண்ணால பாத்தேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி தீவாளி நோம்பி, திருப்பூர்ல ஒரு தியேட்டர், நான் வரிசைல நிக்கறேன், எனக்கு முன்னாடி ஒரு அம்மா, பனியன் கம்பெனில செக்கிங் வேலை, அந்தம்மா சொல்லித்தான் தெரியும். ரெண்டு புள்ளைக, கூட அவங்க அம்முச்சி. சனிக்கெழமை சம்பளத்தயும் போனஸ்ல கொஞ்சத்தயும் சுருக்குப்பையில முடிஞ்சு வெச்சிருக்குது, நாலு டிக்கெட் நானூத்தி எம்பதுன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டு வெச்சிருக்குது, ஏன்னா போர்டுல 120னு எழுதியிருக்குதே. ஜன்னல் தொறந்துச்சு, எங்களுக்கு முன்னாடி ஏழோ எட்டோ பேரு, அவ்வளவுதாங்க, ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிட்டாங்க. தொறந்து பத்து நிமிஷம் ஆகலைங்க. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன் வந்து நின்னான், கையில ஒரு கட்டு, கிளிப்பு போட்டது, எடுத்துக் காட்டறான், டிக்கெட்ல 120னுதான் அடிச்சிருக்குது, வாயில 400ங்கறான். அந்தம்மா கேட்டுச்சு, "ஏனுங் தம்பி, ஜன்னல்ல இல்லாத டிக்கெட்டு உங்க கைக்கு எப்புடீங் வந்துச்சு?" அவன் பதிலே சொல்லலைங்க, அடுத்த ஆளத் தேடிப் போயிட்டான். சின்னது கேக்குது, அப்ப நாம போவலையாம்மான்னு. எனக்கு பொக்குனு போயிருச்சுங்க. நாலுக்கு ஆயிரத்தி அறநூறு, ஒரு வாரம் நின்னுட்டே பீஸ் பாத்து சேத்த காசுல பாதி போயிரும், அந்தம்மா ரெண்டயும் ரெண்டு கையில புடிச்சுட்டு பஸ் ஸ்டாண்டு பக்கமா நடந்துருச்சு.

நான் வாங்கிட்டு உள்ள போனேன், அத மறைக்கல, கூடப் பொறந்த தம்பிக்கு வாக்கு குடுத்துட்டேன். உள்ள என்னத்தப் பாத்தேன் தெரியுங்களா, படம் ஆரம்பிச்சு இடைவேளை வரைக்கும் பக்கவாட்டு வரிசைல ஒரு பத்திருவது சீட்டு காலிங்க! ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுன தியேட்டர்ல காலி சீட்டு. அந்தக் கிளிப்பு போட்ட கட்டுல விக்காம மிஞ்சுனதோ என்னமோ. அந்த சீட்டுல உக்கார நாலு பேரு அரை மணி நேரத்துக்கு முன்னாடி வாசல்ல காசோட நின்னாங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் எதிரணி பதில் சொல்லட்டும், நான் பேச்ச நிறுத்திக்கறேன்.

எதிரணி அக்கா, நீங்க கேட்டீங்க, ஹீரோ சம்பளம் ஏறிப்போச்சு, கரண்டு பில்லு ஏறிப்போச்சு, தியேட்டர்காரங்க எப்புடி பொழைக்கறதுன்னு. தியேட்டர்காரங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதுங்களா, அந்த சோத்துலதானுங்க நான் வளந்தேன். பெரிய படத்துக்கு மொத வாரம் வசூல்ல முக்கால் பங்குக்கு மேலயே டிஸ்டிரிபியூட்டர் கேக்கறாங்கன்னு தியேட்டர் சங்கத்துக்காரங்களே வெளிப்படையா சொல்றாங்க, அது பேச வேண்டிய விசயம், பேசுங்க, கூட நாங்களும் வர்றோம். ஆனா அந்த சைக்கிள் ஸ்டாண்டு 280 ரூவா இருக்குது பாருங்க, அது டிசிஆர்ல ஏறாது. டிசிஆர்னா அன்னன்னைக்கு வசூல் எழுதற கணக்கு, எங்கப்பா ராத்திரி பன்னெண்டு மணிக்கு உக்காந்து எழுதுவாரு, ஒரு ரூவா இடிச்சாலும் தூங்கமாட்டாரு. அதுல 120னுதான் ஏறும். மீதி 280ல கவர்மெண்டுக்கு வரியில்ல, படம் எடுத்தவனுக்கு பங்கில்ல, லைட்டு புடிச்ச தொழிலாளிக்கு பேட்டா இல்ல. அப்புறம் யாரப் பொழைக்க வெக்கறதுக்கு நாம குடுக்கறோம்?

அப்ப அந்த 400ஐயே சட்டப்படி ஆக்கிட்டா கணக்குல வந்துருமேன்னு தம்பி சொல்றாரு, பணமில்லாதவங்க ரெண்டு வாரம் பொறுத்துப் பாக்கட்டுமேங்கறாரு. இங்கதானுங்க எனக்கு ரொம்ப வெசனம். பொறுத்துப் பாத்த காலம் ஒண்ணு இருந்துச்சு, நூறு நாளு ஓடும், பட்டணத்துல ஓடி முடிச்சு டெண்டு கொட்டாய்க்கு வர்றதுக்குள்ள பிரிண்டு தேஞ்சு கோடு கோடா மழை பேஞ்சிருக்கும், ஆனா வரும், கண்டிப்பா வரும், தரையில மணலக் குவிச்சு உக்காந்து பாக்கலாம். இப்ப படத்தோட ஆயுசே மொத மூணு நாலு நாளு. அடுத்த வெள்ளிக்கெழமை வேற படம், நாலு வாரத்துல ஓடிடி. மொத மூணு நாளு வெலைய ஏத்திக்கலாம்னு நீங்க சொன்னா, படத்தையே பணக்காரனுக்கு மட்டும்னு எழுதிக் குடுத்த மாதிரி. போன்ல பாத்துக்கட்டுமேன்னு சொல்லாதீங்க, வாரம் ஆறு நாளு ஒன்றரை ஷிப்டு பாக்கற பொம்பளைக்கு நோம்பின்னா ஒறம்பரையோட ஒட்டுக்கா வெளிய போறதுதான் நோம்பி. நாலு பேரு சிரிக்கறப்ப சேந்து சிரிக்கறதுக்குத்தான் காசு குடுக்கறாங்க.

நம்ம ஊரு சினிமாவே கூடாரத்துல இருந்து வந்ததுதானுங்க. ரயில்வேல வேலை பாத்த கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜெக்டரை வாங்கிட்டு ஊர் ஊரா கூடாரம் அடிச்சு படம் காட்டுனாரு, 1914ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டுனாரு, தென்னாட்டுல மொத மொதல்ல வந்த நிரந்தர கொட்டாய்கள்ல ஒண்ணு, அந்த ரோட்டுக்கு இன்னைக்கும் வெரைட்டி ஹால் ரோடுன்னுதான் பேரு. அதுக்கும் முன்னாடி அண்ணமார் சாமி கதைய உடுக்கடிச்சுப் பாடுனப்ப ஊரே விடிய விடிய மண்ணுல உக்காந்து கேட்டுச்சு, யாருகிட்டயும் டிக்கெட் கேக்கல. லண்டன்ல குளோப்புன்னு ஒரு நாடகக் கொட்டாய், 1997ல மறுபடி கட்டித் தொறந்தது, மேடைக்கு நேர் முன்னாடி 700 பேரு நின்னுட்டுப் பாக்கற எடம், அந்த எடத்துக்கு ரொம்ப வருஷமா வெறும் 5 பவுண்டுதான் வாங்குனாங்க, பின்னாடி மாடத்துல உக்கார்றவங்களுக்குத்தான் வெலை ஜாஸ்தி. இருக்கறதுலயே கிட்டக்க இருக்கற எடத்த காசு கம்மியா இருக்கறவனுக்கு குடுத்தும் அவங்க கொட்டாய நடத்திட்டுத்தான் இருக்கறாங்க. நம்மூர்லயே மல்டிபிளக்ஸ்ல முன்வரிசை பத்து ரூவான்னு ஒரு காலத்துல இருந்துச்சே, எத்தன காலேஜ் பசங்க கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பாத்திருப்பாங்க.

ரசிகர்கள் விருப்பப்பட்டுத்தான ஆயிரமும் ரெண்டாயிரமும் குடுத்து விடியக்கால ஷோ பாத்தாங்கன்னும் சொன்னீங்க. 2023 ஜனவரில சென்னைல ஒரு தியேட்டர் வாசல்ல, லாரி மேல ஏறி ஆடுன ஒரு பையன் கீழ விழுந்து செத்துப்போனான், அதுக்கப்புறந்தான் மொத ஷோ 9 மணிக்குத்தான்னு ஆச்சு. நான் அந்தப் பையனக் குத்தம் சொல்லமாட்டேன். அந்த வயசுல அந்த வெறி இருக்கும், அது தெரிஞ்சு வெலை வெச்சு வித்தாங்க பாருங்க, அவங்களத்தான் கேக்கறேன்.

நாங்க கேக்கறது ஒண்ணும் நடக்காத காரியமில்லைங்க. நோம்பி படத்துக்கு மொத நாலு நாளும் பாதி சீட்டு ஜன்னல்லதான் விக்கோணும், ஒரு கைக்கு நாலு டிக்கெட்டுக்கு மேல கூடாது, எத்தனை சீட்டு முன்கூட்டியே போயிருச்சு எத்தனை பாக்கின்னு உழவர் சந்தை மாதிரி வாசல்ல போர்டு எழுதி வெக்கோணும். ஆன்லைன்ல போடறவங்க போடட்டும், ஆனா டிக்கெட் ஒண்ணுக்கு முப்பது ரூவா கிட்ட தனியா புடிக்கறாங்களே, பட்டன் போன் வெச்சிருக்கற அம்முச்சிக்கு அந்த வழியுமில்ல, ஜன்னலயும் அடைச்சுட்டா அவுங்க எங்க போவாங்க? எவ்வளவு சட்டம் போட்டாலும் பிளாக்கு ஒழியாதுன்னு தம்பி கடைசியா சொன்னாரு. தியேட்டர் ஆளுக்குத் தெரியாம ஒரு கட்டு டிக்கெட் வெளிய போவாதுங்க, இத புக்கிங்ல இருந்தவரோட மகளா சொல்றேன். ஒருக்கா எங்கப்பாகிட்ட ஒருத்தர் தீவாளிக்கு நூறு டிக்கெட்ட தனியா எடுத்து வைக்கச் சொல்லி ஒரு கவர நீட்டுனாரு, அப்பா அந்தக் கவர வாங்காம அதே ஓட்டை வழியா வெளிய தள்ளிட்டு அடுத்தாளு வாங்கன்னு சொன்னாரு, நான் பக்கத்துல போசிய வெச்சுட்டு உக்காந்திருந்தேன். அன்னைக்கு டிக்கெட் தீர்ற வரைக்கும் வரிசை நகுந்துட்டே இருந்துச்சுங்க.

மணி அடிச்சுட்டீங்க நடுவரய்யா, உக்காந்துக்கறேன். அந்தக் காலி சீட்டுக்கு மட்டும் அக்காவ பதில் சொல்லச் சொல்லுங்க.