ஒரு தவளை, நான்கு பேரினங்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2017 மார்ச்சில் தென் அமெரிக்க மரத்தவளை ஒன்று உலகம் முழுக்கச் செய்தியானது. அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே பகுதியில் பிடித்த தவளைகள் மீது புவெனஸ் ஐரிஸ் ஆய்வாளர்கள் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். உடல் முழுவதும் நீலப்பச்சையாக ஒளிர்ந்தது. இயற்கையிலேயே ஒளிரும் முதல் தவளை என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தி வெளிச்சத்திலும் நிலவிலும் அதன் உடலிலிருந்து வரும் ஒளியில் 18 முதல் 29 விழுக்காடு இந்த ஒளிர்வுதான் என்று அந்தக் குழு கணக்கிட்டது.

ஆய்வுக்கட்டுரையில் அதன் பெயர் ஹிப்சிபோவாஸ் பங்டாட்டஸ். இன்று அந்தப் பெயரில் தேடினால் போவானா பங்டாட்டா என்ற பக்கத்துக்குத்தான் போய்ச் சேருவீர்கள். பெயர் மாறியதும் அதே 2017-இல்தான். "இந்த விஞ்ஞானிகளுக்கு வேறு வேலையே இல்லையா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் பெயர் வைத்தவர் யோஹான் ஷ்னைடர், 1799-இல். கிரேக்க மொழிப் பேரறிஞர். பெரிய கிரேக்க-ஜெர்மன் அகராதி ஒன்றைத் தொகுத்தவர். அவர் வைத்த பெயர் கலமிட்டா பங்டாட்டஸ். இரு சொல் பெயரில் முதல் சொல் பேரினம், அதாவது உறவுள்ள சிற்றினங்களின் வீட்டுப் பெயர்; இரண்டாவது அந்தச் சிற்றினத்தைக் குறிப்பது. பிறகு இது ஹைலா என்ற பேரினத்துக்குள் போனது. ஆஸ்திரிய இயற்கையியலாளர் லாரென்டி 1768-இல் உருவாக்கிய பேரினம் அது. ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கா என்று எங்கெங்கோ இருந்த மரத்தவளைகளை எல்லாம் அதில் சேர்த்துக்கொண்டே போனதில் முந்நூறு சிற்றினங்களுக்கு மேல் குவிந்துவிட்டன. நெருங்கிய உறவே இல்லாதவற்றை ஒரே வீட்டுப் பெயரில் அழைத்தோம்.

2005-இல் ஹூலியன் ஃபைவோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு அந்தக் குவியலைப் பிரித்தார்கள். பெயரிடல் விதிப்படி ஹைலா என்ற பெயர் ஐரோப்பிய மரத்தவளையோடு கட்டுண்டது. அதை விட்டு விலகாது. ஆகவே தென் அமெரிக்க உறவுக்கூட்டம் ஒன்றுக்கு ஜெர்மன் விலங்கியலாளர் வாக்லர் 1830-இல் தந்த ஹிப்சிபோவாஸ் என்ற பெயரை மீட்டெடுத்தார்கள். ஒளிர்வைக் கண்ட 2017 குழுவிலும் இதே ஃபைவோவிச் இருந்தார் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. உறவுமுறையைப் பொறுமையாக ஆராய்ந்தவர் கையில்தான் அந்த ஒளியும் கிடைத்தது.

பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் பழகிய பெயர் அது. ஆனால் 2017-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஆலன் துபுவா ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: இதே கூட்டத்துக்கு பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே 1825-லேயே போவானா என்று பெயர் தந்திருந்தார். ஐந்தே ஆண்டு மூப்பு. விலங்கியல் பெயரிடல் விதிப்படி மூத்த பெயரே நிற்கும். சிலருக்கு எரிச்சல்தான். ஆனாலும் விதி சரியென்றே நான் சொல்வேன். வழக்கத்தில் இருப்பதுதான் பெயர் என்று விட்டால் யார் வழக்கம் என்ற சண்டை முடியவே முடியாது. ஷ்னைடருக்கும் இதில் அநீதி இல்லை. பேரினம் எத்தனை முறை மாறினாலும் அவர் பெயரும் 1799-ம் அடைப்புக்குறிக்குள் கூடவே வரும்.

பெயர் வேறு, வாழிடம் வேறு என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தவளை டிரினிடாட் தீவிலும் கயானா நாடுகளிலும் இருக்கிறது. அமேசான் வடிநிலம் முழுக்க, பராகுவேயின் சாக்கோ சமவெளி வழியாகப் பரானா ஆற்றோரம் வடக்கு அர்ஜென்டினா வரை இருக்கிறது. ஒருகாலத்தில் பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரத் தவளைகளும் இதே பெயரில்தான் இருந்தன. 1996-இல் அவை தனிச் சிற்றினம் என்று தெரிந்தது. இன்று அதன் பெயர் போவானா அட்லாண்டிகா. அந்த ஒரு பெயர் பிறந்ததும் பங்டாட்டாவின் வரைபடத்திலிருந்து ஒரு கடற்கரை கழன்றுபோயிற்று. பழைய பதிவுகளில் அந்தக் கரையோர ஊரின் பெயரோடு 'ஹைலா பங்டாட்டா' என்று கண்டால், அது எந்தத் தவளை என்று ஊரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.