நான்காவது சீடரிடம் நின்றுபோன தையல்

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒரு சகோதரி அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் நீளமாகவே எழுதியிருக்கிறார், நான் சுருக்கிச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் தம் தாயாருக்குக் கொடுப்பதற்காக 'இறுதி இராவுணவு' படத்தைக் கிராஸ் ஸ்டிச்சில் (கட்டத்துக்கு ஒன்றாக X வடிவில் விழும் தையல்) தைக்கத் தொடங்கினார். லியொனார்டோ டா வின்சியின் ஓவியத்தை வைத்து உருவாக்கிய கட்டப் படம். அகலம் 280 கட்டம், உயரம் 140 கட்டம், 14 கவுண்ட் ஐடா துணி, அதாவது ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் வரும் தையல் துணி. இடது ஓரத்திலிருந்து மூன்று சீடர்களை முடித்துவிட்டார். நான்காவது சீடரின் முகத்தில் எண்ணிக்கை தவறியது. பிரித்துத் தைத்தார், மறுபடியும் தவறியது. அதற்குள் தாயார் காலமாகிவிட்டார். துணி பெட்டிக்குள் போனது. இப்போது தவக்காலத்தில் அதைக் கையில் எடுத்திருக்கிறார். "கடவுளுக்கென்று தொடங்கியதைப் பாதியில் விட்டது பாவமா? உயிர்ப்பு ஞாயிறுக்குள் முடிப்பதாக ஒறுத்தல் (தவ முயற்சி) எடுக்கலாமா? துணியில் பழுப்பாக ஒரு புள்ளி வேறு இருக்கிறது, அதை என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

சகோதரி, பாவம் என்ற சொல்லை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். நேர்த்திக்கடன் என்பது நன்றாக யோசித்து, மனமார, கடவுளிடமே கொடுக்கிற வாக்கு. "அம்மாவுக்கு ஒரு படம் தைத்துக் கொடுப்பேன்" என்று நினைத்தது ஆசை. ஆசை நிறைவேறாமல் போனதில் துக்கம் இருக்கலாம், குற்றம் கிடையாது. இல்லை, நான் உண்மையாகவே நேர்ந்துகொண்டேன் என்றால் உங்கள் பங்குத்தந்தையிடம் போய்ச் சொல்லுங்கள். தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் திருச்சபைச் சட்டப்படி அவருக்கு உண்டு.

அடுத்து, உயிர்ப்பு ஞாயிறுக்குள் முடிப்பது. இதற்கு நான் கணக்கைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். 280ஐ 140ஆல் பெருக்கினால் 39,200 தையல். மூன்று சீடர்கள் இருக்கும் பகுதி ஏறக்குறைய கால் பங்கு. மீதி 29,000க்கும் மேல். திருநீற்றுப் புதனிலிருந்து புனித சனி வரை 46 நாட்கள், ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் உட்கார்ந்தால் மொத்தம் 20 மணி நேரம். நிறம் அடிக்கடி மாறுகிற இடத்தில் என் கை மணிக்கு 120 தையலைத் தாண்டுவதில்லை. உங்கள் கையும் அப்படியென்றால் இந்தத் தவக்காலத்தில் மிஞ்சிப்போனால் 2,400 தையல். இதே வேகத்தில் போனால் படம் முடிய 12 தவக்காலத்துக்கும் மேல் ஆகும். ஆகவே முடித்தே தீருவேன் என்று ஒறுத்தல் எடுக்காதீர்கள். மூன்றாம் வாரத்திலேயே மூச்சு முட்டும். தூக்கத்தைக் குறைப்பீர்கள், வீட்டாரிடம் எரிந்து விழுவீர்கள், கடைசியில் துணி மறுபடியும் பெட்டிக்குள் போகும். தினமும் அரை மணி நேரம் என்று மட்டும் எடுங்கள். ஞாயிறு அந்த 40இல் சேராது. அன்று ஊசியைத் தொடவேண்டாம்.

2,400 தையல் என்பது 14 கவுண்ட் துணியில் 12 சதுர அங்குலம். கையை விரித்து வைத்தால் உள்ளங்கைக்கு அடியில் மறைந்துவிடும். ஆனால் அந்த அளவுக்குள் ஒரு முகமும் தோளும் அடங்கும். ஒரே ஒரு சீடர். இந்தத் தவக்காலத்துக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

அந்தச் சீடர் யார் என்று பார்த்தீர்களா? இடமிருந்து வரிசையாகத் தலைகளை எண்ணுங்கள். பர்த்தலமேயு, அல்பேயுவின் மகன் யாக்கோபு, அந்திரேயா. நீங்கள் முடித்தது இவர்களை. நான்காவது, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு. உங்கள் கேள்வியைப் படித்தபோது நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே எண்ணிக்கை தவறியதற்குக் காரணம் வெளிப்படையானது. லியொனார்டோ அந்த முகத்தை நிழலில் வைத்திருக்கிறார். அந்த நிழலைக் கட்டப் படமாக்கும்போது அடுத்தடுத்த நிறங்களெல்லாம் ஒன்றையொன்று ஒத்த அடர் பழுப்பாக வந்துவிடும். ஒரு கட்டம் ஒரு பழுப்பு, பக்கத்துக் கட்டம் அதைவிட ஒரு சாயல் கூடிய பழுப்பு, அதற்கடுத்தது கறுப்பு என்று தூவினாற்போல் இருக்கும். நிறத்தைக் காட்டும் குறிகளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கைதேர்ந்தவர்களும் நின்றுவிடுகிற இடம் அது. ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி, லியொனார்டோவே அந்த ஓவியத்தில் கிறிஸ்துவின் தலையையும் யூதாசின் தலையையும் வரைய முடியாமல் கடைசிவரை வைத்திருந்தார் என்று 16ஆம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார். இன்னொன்றும் சொல்கிறேன். மிலானில் இருக்கும் அந்தச் சுவரோவியம் மிகவும் சிதைந்துபோய், 1978இல் தொடங்கிய சீரமைப்பு 1999இல்தான் முடிந்தது. வரைய எடுத்தது மூன்று நான்கு ஆண்டுகள், மீட்க எடுத்தது 21 ஆண்டுகள். உங்கள் துணி பெட்டிக்குள் இருந்தது மூன்று ஆண்டுகள்கூட இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வாரம் தைக்கவே வேண்டாம். துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் இன்னும் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அந்தப் பழுப்புப் புள்ளியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மிகச் சிறியதாக, நடுவில் ஓட்டை போலவோ கோடு போலவோ இருந்தால் அது ஊசி விட்ட துரு. நான் தைத்த சகாய மாதா படத்திலும் அப்படித்தான் வந்தது. ஊசியைத் துணியிலேயே குத்திவைத்து ஐந்து ஆண்டுகள் மறந்துவிட்டேன். புள்ளி ஓரத்தில் இருந்தால் சட்டத்துக்குள் மறைந்துவிடும், தொடாதீர்கள். பின்னால் தையல் விழுகிற இடமென்றாலும் பெரும்பாலும் நூல் மூடிக்கொள்ளும். வெற்றுத் துணியாகவே விடவேண்டிய இடத்தில் இருந்தால் மட்டும் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்துப் பாருங்கள். அதையும் முதலில் துணியின் மூலையில் வெட்டுத் துண்டு நூலோடு சோதித்துவிட்டுச் செய்யுங்கள், நூலின் நிறம் போய்விடக்கூடும்.

துணி மங்கியிருந்தால் குளிர்ந்த நீரில் மிதமான சோப்புப் போட்டு அலசலாம். பிழியாதீர்கள், துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுங்கள். சிவப்பு நூல் சாயம் விட்டால் பதறவேண்டாம். நீர் தெளியும் வரை குளிர்ந்த நீரிலேயே அலசிக்கொண்டிருங்கள், இடையில் காயவிடாதீர்கள். கறை இருக்கும்போது இஸ்திரி போடவே கூடாது, சூடு பட்டால் கறை இறுகிவிடும்.

எண்ணிக்கை எங்கே தவறியது என்று அந்த முகத்துக்குள்ளேயே தேடினால் கிடைக்காது. படத்தின் ஓரங்களில் இருக்கும் அம்புக்குறிகளைப் பிடித்து மையத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒன்றாக, வேறு நிறத் தையல் நூலால் நீளத்திலும் அகலத்திலும் கோடு ஓட்டுங்கள். இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். கோடு விழுந்ததும் தவறு தானாகத் தெரியும். உடையிலோ சுவரிலோ ஒரு கட்டம் நகர்ந்திருந்தால் அப்படியே விட்டு, அடுத்த வரிசையில் சரிக்கட்டிக்கொள்ளுங்கள். முகத்திலும் கையிலும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கண் ஒரு கட்டம் தள்ளினால் ஆளே மாறிவிடுவார். அதைப் பிரிக்கத்தான் வேண்டும். துணியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து சிறு கத்தரியால் வெட்டி எடுங்கள். பிரித்த நூல் பஞ்சுபோல் ஆகியிருக்கும், மறுபடி தைக்க உதவாது.

முதல் தையல் போடுமுன் பழைய தையல்களில் மேல் இழை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இடைவெளிக்குப் பின் கை வேறு பழக்கத்துக்குப் போயிருக்கும். சகாய மாதாவின் பொன்னிறப் பின்னணியில் நான் இதைக் கவனிக்காமல் விட்டேன். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது விட்ட இடமும் தொடர்ந்த இடமும் இரண்டு துணிகள் போலத் தெரிகின்றன. புது நூல் வாங்கினால், அதே நிற எண்ணாக இருந்தாலும் சாயம் இலேசாக மாறுபடலாம். இரண்டு இழையில் தைக்கிறீர்கள் அல்லவா, சேரும் இடத்தில் பழையதில் ஓர் இழை, புதியதில் ஓர் இழை சேர்த்துக் கோத்தால் கோடு விழாது. வெள்ளைத் துணி என்றால் மடியில் கறுப்புத் துணி விரித்துக்கொள்ளுங்கள். ஓட்டைகள் பளிச்சென்று தெரியும்.

தைக்கும்போதே செபமாலை சொல்லலாமா என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. இந்த முகத்துக்கு எண்ணிக்கை வேண்டும், செபமாலைக்கும் எண்ணிக்கை வேண்டும். இரண்டும் கெடும். உட்காருவதற்கு முன் யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் படியுங்கள். இயேசு சீடர்களின் காலடிகளைக் கழுவுகிற இடம். யூதாசு எழுந்து வெளியே போவது அதற்குப் பிறகுதான். அதாவது, அந்தக் கால்களையும் அவர் கழுவியிருக்கிறார். அப்பத்தைத் தோய்த்து அவனுக்குக் கொடுத்ததும் அவர் கைதான். அவன் வெளியே போனபோது இரவு என்று யோவான் எழுதுகிறார். படித்துவிட்டு, பேசாமல் அந்தப் பழுப்பு நூலை ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நாள் ஒரு முகத்தை இத்தனை அருகில் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் தானே செபத்துக்குப் போய்விடும்.

தாயாரின் நினைவு வந்து கண் கலங்கினால் துணியைக் கீழே வைத்துவிட்டு அழுங்கள். அன்று பத்துத் தையல்தான் விழுந்தது என்றால் பத்தே போதும்.

திருவழிபாட்டு முறைப்படி பெரிய வியாழன் மாலை ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலி தொடங்குமுன் தவக்காலம் முடிந்துவிடும். நீங்கள் தைப்பதும் அந்த மாலையோடு முடியட்டும். கோவிலுக்குக் கிளம்புமுன் நிறுத்திக்கொள்ளுங்கள், யூதாசின் தோளில் பாதி மீதி இருந்தாலும். விட்ட கட்டத்தைப் படத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். வளையத்தைக் கழற்றி, துணியை மடிக்காமல் உருட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிவையுங்கள். ஊசியை மட்டும் மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்.