கழுகுக்கு அனுமதி, புறாவுக்குத் தடை: மைதானத்தில் மதச் செய்தி

[திரையில்: கிரிக்கெட் மட்டை ஒன்று. அதில் சின்னதாக ஒரு கழுகு.]

ஆஸ்திரேலிய வீரர் மார்னஸ் லபுஷேனின் மட்டை இது. இந்தக் கழுகு அழகுக்காக ஒட்டியதில்லை. கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள் என்கிற ஏசாயா 40:31 வசனத்தின் அடையாளம். சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி இதை அனுமதிக்கிறது.

[திரையில்: ஆலிவ் கிளையோடு ஒரு புறா.]

இது அதே அணியின் முஸ்லிம் வீரர் உஸ்மான் கவாஜா 2023 டிசம்பரில் ஒட்டிக்கொள்ள விரும்பியது. காஸாவில் குழந்தைகள் சாவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், "எல்லா உயிர்களும் சமம்" என்று காலணியில் எழுதிக்கொண்டு பயிற்சிக்கு வந்தார். ஆட்டத்தில் போடக்கூடாது என்றது ஐசிசி. பெர்த் டெஸ்டில் அந்த எழுத்தின் மேல் டேப்பை ஒட்டி, கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு இறங்கினார். பட்டைக்குக் கண்டனம் வந்தது. அப்புறம்தான் இந்தப் புறா. எல்லா மனிதரும் சமம் என்கிற ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவைக் குறிப்பது. அதற்கும் அனுமதி இல்லை.

கழுகுக்கும் புறாவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அவருடைய கேப்டன் பேட் கம்மின்ஸே சொன்னார். எனக்கும் தெரியவில்லை.

[திரையில்: கால்பந்து மைதானம்.]

2007-இல் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் முடிந்ததும், "நான் இயேசுவுக்குச் சொந்தம்" என்று எழுதிய உள்சட்டையோடு பிரேசில் வீரர் காக்கா மண்டியிட்ட காட்சி பலருக்கு நினைவிருக்கும். இன்றைய கால்பந்து விதி தெளிவு: உடுப்பில் அரசியல், மத, தனிப்பட்ட வாசகம் எதுவும் கூடாது. ஆனால் 2024-இல் இங்கிலாந்து வீரர் மார்க் கேஹி, தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவான வானவில் கைப்பட்டையில் "இயேசுவை நேசிக்கிறேன்" என்று எழுதியபோது, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் விதியை நினைவூட்டியதோடு விட்டுவிட்டது. கையால் பந்தை எறிந்து ஆடும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' வேறு ஆட்டம்; அதன் கல்லூரிப் போட்டிகளில் டிம் டீபோ என்ற வீரர் கண்ணுக்குக் கீழே பூசிய கறுப்பு மையில் பைபிள் வசன எண்ணை எழுதுவார். 2010-இல் அப்படி எழுதுவதற்கே தடை வந்தது.

சரி, என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கோல் போட்டதும் சஜ்தா செய்வது (நெற்றி தரையில் பட வணங்குவது), சிலுவை போட்டுக்கொள்வது, தலையை மூடிக்கொண்டு ஆடுவது, இதெல்லாம் அவரவர் வழிபாடு. யாரும் கைவைக்கக் கூடாது. 2011-இல் தலைமறைப்பின் பேரில் ஈரான் பெண்கள் அணியை ஆடவிடாமல் திருப்பி அனுப்பியது பெரிய அநியாயம். 2014-இல்தான் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தலைமறைப்பை முறையாக ஏற்றது.

சட்டையில் வாசகம் எழுதுவது வேறு. அது மற்றவர்கள் படிப்பதற்காக எழுதுவது. அணிச் சட்டையோ பல நம்பிக்கைகள் கொண்ட பதினொரு பேருக்கும் பொது. அதனால் தடை இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இருந்தால் எல்லோருக்கும் இருக்க வேண்டும். இது நல்ல செய்தி, அது வம்பான செய்தி என்று ஒரு அலுவலகம் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தால், பழகிய மதத்தின் சின்னம் கண்ணில் படாது, மற்றவருடையது மட்டும் உறுத்தும்.

[திரையில்: மெல்போர்ன், 2023 டிசம்பர் 26.]

அன்று கவாஜா மட்டை பிடிக்க வந்தபோது காலணியில் புறா இல்லை. இரண்டு பெயர்கள் இருந்தன. அவருடைய மகள்களின் பெயர்கள்.