எந்த ஊரில் கண்ட பாம்பு?

வணக்கம், நேயர்களே. வயல்வரப்பில் சாரைப்பாம்பு விர்ரென்று ஓடி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். வட அமெரிக்காவில் அதே சுறுசுறுப்போடு பகலில் இரை தேடும் நஞ்சற்ற பாம்புக்கு ரேசர் என்று பெயர். 1758-ல் லின்னேயஸ் இவ்விரண்டையும் கோலுபர் என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தார். சாரையைப் பின்னால் வந்தவர்கள் பிரித்துவிட்டார்கள். ரேசரில் 11 துணையினங்களை, அதாவது ஒரே இனத்துக்குள் பகுதிக்குப் பகுதி சற்றே வேறுபடும் பிரிவுகளை, வகுத்திருக்கிறார்கள். இன்ன துணையினம் என்று சொல்ல விரும்புகிறவர், நிறத்தைப் பார்க்கும் முன் எந்த ஊரில் கண்டது என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

மிச்சிகனில் வசிக்கும் நண்பர் ஒருவர், கார் நிறுத்தும் கொட்டகையில் முழ நீளப் பாம்பு ஒன்றைக் கண்டு என்னை அழைத்தார். சாம்பல் உடலில் செம்பழுப்புத் திட்டுகள். அட்டைப்பெட்டியில் வாலை அதிரவைத்துச் சடசடவென்று ஒலியெழுப்பியதால், கிலுகிலுப்பைப் பாம்பு என்றே அஞ்சியிருந்தார். நான் வாலைப் பார்த்தேன். நுனியில் கிலுகிலுப்பை இல்லை. முதுகின் திட்டுகளும் வாலை நெருங்க நெருங்க மங்கி, வால் ஒரே நிறமாக இருந்தது. கண்ணோ தலைக்கு மிகப் பெரியது. "இது நீல ரேசரின் குட்டி" என்றேன்; மிச்சிகனில் வாழும் துணையினம் அதுதான். "நீல ரேசர் என்றால் நீலமாக அல்லவா இருக்க வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரேசர் குட்டிகள் இப்படித் திட்டுகளோடுதான் பிறக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் அவை மறைந்து, அந்தந்தப் பகுதிக்குரிய நிறம் ஏறுகிறது. கல்சுவர் இடுக்கில், நன்கு வளர்ந்துவிட்ட ஒரு பாம்பின் சட்டையும் கிடைத்தது. உடல் நடுவே குறுக்காக எண்ணினோம்: 17 செதில் வரிசைகள், அத்தனையும் வழவழப்பு. எலிப்பாம்பு என்னும் வேறொரு வட அமெரிக்கப் பாம்பின் சட்டையாக இருந்தால் வரிசைகள் கூடுதலாக இருக்கும். முதுகுச் செதிலின் நடுவே மெல்லிய வரம்பும் ஓடும்.

ஆனால் செதிலை எண்ணினால் ரேசர் என்று தெரியுமே தவிர, எந்தத் துணையினம் என்று தெரியாது. அதற்கு மறுபடியும் ஊரைத்தான் கேட்க வேண்டும். வடக்குக் கருப்பு ரேசரையும் தெற்குக் கருப்பு ரேசரையும் பிரித்தது ஆணின் உள்ளுறுப்பிலுள்ள ஒரு முள்ளின் பருமனை வைத்து. புல்லில் ஓடும் பாம்பில் அதை யார் காண முடியும்? லூசியானாப் பக்கத்து ரேசரின் மேல் மோர் தெளித்தாற்போல் வெண்புள்ளிகள் இருப்பதால் அதற்கு மோர் என்றே பெயர். புளோரிடாவின் அப்பலாச்சிகோலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் தாடை பழுப்பாகிறது. எல்லைகள் சந்திக்கும் இடங்களில் கலப்பும் உண்டு.

நேரம் முடிவதால் மரபணுவைப் பற்றி ஒரு வரிதான்: 2008-ல் வெளியான ஆய்வில் தெரிந்த மரபுவழிகள் இந்தத் துணையின எல்லைகளோடு சரியாகப் பொருந்தவில்லை. கனடாவில் நீல ரேசர் ஈரி ஏரியின் பீலித் தீவில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அங்கே பிடித்த படம் உங்களிடம் இருந்தால், இடத்தையும் தேதியையும் அதன் பின்னால் எழுதி வையுங்கள். வணக்கம்.